யார் சொன்னால் அது சரியாகும்?

கேள்வி

ஐயா, நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. அப்பா போன வருடம் காலமானார். இரணைமடு வாய்க்காலுக்குக் கீழே வயலும், ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் அவர் பெயரில் இருந்தன. இரண்டும் பேர்மிட் காணி. தனக்குப் பின் என்று என் பெயரைத்தான் பதிந்து வைத்திருந்தார்.

மேட்டுக்காணியின் ஒரு பக்கத்தில், கால் ஏக்கர் வரும், ஒரு குடும்பம் குடியிருக்கிறது. 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்தவர்கள். அப்பாதான் அந்த இடத்தைக் காட்டிக் கொட்டில் போடச் சொன்னாராம். "நான் உங்களை எழுப்ப மாட்டன்" என்று வாக்கும் கொடுத்தாராம். எழுத்தில் எதுவும் இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் சாகும்வரை எங்கள் வயலில்தான் வேலை செய்தார். இப்போது ஆச்சியும் மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். சண்டை முடிந்து எங்களுக்கு முன்னே ஊருக்கு வந்தவர்களும் அவர்கள்தான். நாங்கள் 2010 இல் செட்டிகுளம் முகாமிலிருந்து வந்து பார்த்தபோது காணி பற்றை மண்டிக் கிடந்தது. ஆனால் எல்லையில் புதுக் கதியால் நட்டிருந்தது, பழைய வேலி இருந்த அதே கோட்டில். பெரியவர் நட்டது.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டு, "அவையளை எழுப்பிப்போட்டு அந்தத் துண்டையும் சேர்த்துப் பேத்திக்குக் குடு" என்றார். என் மகளைத்தான் சொன்னார். கனடாவில் இருக்கும் அண்ணா, "அப்பா கடைசியாச் சொன்னது அதுதான், சட்டமும் எங்கட பக்கம், பிறகு என்ன யோசனை?" என்கிறார். கோயில் ஐயர், தந்தை சொல் மிக்க மந்திரமில்லை என்றார். என்னோடு படிப்பிக்கும் ஒரு ரீச்சர் சபைக்குப் போகிறவர். ஏழையை எழுப்பினால் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்கிறார். ஊரில் சிலர், வந்தான் வரத்தானுக்கு ஏன் காணி என்கிறார்கள். என் கணவர், "உன்ர மனச்சாட்சி சொல்லுறதைச் செய்" என்று ஒதுங்கிவிட்டார். என் மனச்சாட்சியோ இன்றைக்கு ஒன்று சொல்கிறது, நாளைக்கு இன்னொன்று.

எனக்குக் காணிச் சட்டம் மட்டும் தெரிந்தால் போதாது ஐயா. இது சரி, இது பிழை என்று தீர்த்துச் சொல்லும் அதிகாரம் உண்மையில் யாருக்கு உண்டு?

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

சட்டம் மட்டும் போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். காணி வழக்குகளே தொழிலாகிப்போன ஒரு சட்டத்தரணியாக எனக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணா நினைக்கிற அளவுக்கு அது வெட்டொன்று துண்டிரண்டாக இல்லை.

உங்கள் பேர்மிட் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் காணிக்குச் சொந்தக்காரர் அரசு. அப்பாவுக்கு இருந்தது நிபந்தனைகளோடு கூடிய உரிமை. பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளர் என்ற வகையில் அது உங்களுக்கு வரும். உறுதிக் காணியாக, அதாவது தனியாருக்குச் சொந்தமான காணியாக இருந்தால், பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தவர் ஆட்சியுரிமை கேட்டு வழக்குப் போடலாம். அங்கேகூட, சொந்தக்காரரின் அனுமதியோடு குடியிருந்தவருக்கு அது இலகுவில் கிடைக்காது. அரச காணியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆக, ஆச்சி குடும்பத்துக்குச் சட்டத்தில் பிடிமானம் குறைவுதான். அண்ணா சொல்வதில் அவ்வளவு உண்மை இருக்கிறது.

ஆனால் பேர்மிட் காணியை நினைத்தபடி விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. மகளுக்குக் கொடுப்பதென்றாலும் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். காணியில் வேறொரு குடும்பத்தை இவ்வளவு காலம் இருக்க விட்டதே நிபந்தனை மீறல் என்று ஓர் அதிகாரி எழுதினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும். ஆட்களைக் கொண்டுபோய் வேலியைப் பிடுங்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொலிஸ், முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் வழக்கை நீதவானிடம் கொண்டுபோகும். அங்கே முதலில் பார்ப்பது யார் குடியிருந்தார் என்பதைத்தான்.

சரி, சட்டம் இவ்வளவுதான். இனி நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன்.

சட்டம் எங்கள் பக்கம் என்பதால் செய்வது சரியாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு நாங்கள், இந்த நாட்டுத் தமிழர்கள், வெளியே போய்ப் பதில் தேடத் தேவையில்லை. 1948 இல் பாராளுமன்றம் முறைப்படி கூடி, முறைப்படி வாக்கெடுத்து, குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதனால் நாடற்றவர்களாகிப் போனவர்களில் உங்கள் வளவில் இருக்கும் ஆச்சியின் தாய் தகப்பனும் பெரும்பாலும் இருந்திருப்பார்கள். 2003 இல் இன்னொரு சட்டம் வந்து, எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமையைக் கொடுத்தது. சரி பிழையைச் சட்டம்தான் உண்டாக்குகிறது என்றால், 1948 இல் அந்த மக்கள் இந்த மண்ணுக்கு அந்நியர், 2003 இல் சொந்தக்காரர் என்றாகிவிடும். யாருக்காவது அது மனதுக்கு ஒக்குமா? செல்வநாயகம் அந்த 1948 சட்டத்தை எதிர்த்தார். மலையக மக்களின் குடியுரிமை விடயத்தில் தன் கட்சித் தலைமையோடு முரண்பட்டு வெளியேறி, 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சட்டமும் கட்சியும் சொல்லிவிட்டன என்று அவர் பேசாமல் இருந்திருக்கலாம். 1956 இன் சிங்களம் மட்டும் சட்டத்தை அநீதி என்று இன்றுவரை சொல்கிற நாங்கள், ஒரு கால் ஏக்கர் என்று வந்தவுடன் "சட்டம் எங்கட பக்கம்" என்பதைக் கடைசி வார்த்தையாக வைக்க முடியாது.

இதற்காகச் சட்டத்தை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. சில நேரம் சட்டம் ஊரைவிட முன்னே போயிருக்கிறது. சாதி காட்டிக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பது குற்றம் என்று 1957 இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பதினொரு வருடம் கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே போக வந்த ஒடுக்கப்பட்ட சாதி மக்களை வாசலில் நின்று தடுத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், சட்டம் படித்தவர், வவுனியாவின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். எங்கள் வன்னி மக்களே வாக்குப் போட்டு அனுப்பியவர். அவருக்கு மனச்சாட்சி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தான் தர்மத்தைக் காக்கிறேன் என்று முழுமனதோடு நம்பித்தான் அந்த வாசலில் நின்றிருப்பார்.

அதனால்தான் உங்கள் கணவர் சொன்னதும் பாதிவழிதான். மனச்சாட்சி வெறும் வானத்திலிருந்து விழுவதில்லை. நாங்கள் வளர்ந்த வீடு, தெரு, பள்ளிக்கூடம், காதில் விழுந்த பேச்சு எல்லாம் சேர்ந்து அதை ஆக்குகின்றன. தனிக் குவளையில் தேத்தண்ணீர் கொடுத்த காலத்தில் நல்ல மனிதர்கள் எத்தனையோ பேர் நிம்மதியாக நித்திரை கொண்டார்கள். உறுத்தல் வந்தால் அதைக் கவனியுங்கள், அது பொய் சொல்லாது. உறுத்தல் வரவில்லை என்பதை மட்டும் அத்தாட்சியாக எடுக்காதீர்கள். உங்களுக்கு ஒரு நாள் ஒன்றும் மறுநாள் இன்னொன்றும் தோன்றுகிறதே, அதைக் குறையாக நினைத்துக் கவலைப்பட வேண்டாம். உங்களுக்குள் இரண்டு நியாயங்கள் நிற்கின்றன. இரண்டையும் நீங்கள் கேட்கிறீர்கள்.

கோயில் ஐயரும் ரீச்சரும் கடவுளின் பெயரால் பேசுகிறார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். இதில் எதைக் கேட்பது என்று தீர்மானிக்க நீங்கள் எதைப் பயன்படுத்தப் போகிறீர்கள்? ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற ஒரு நியாய உணர்வைத்தான். ஏறத்தாழ 2400 வருடங்களுக்கு முன் ஏதென்ஸ் நகரத்தில் சோக்கிரதீஸ் இதையே கேட்டார்: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, அல்லது அது நல்லது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? பக்தி உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு கெடுதலும் செய்யாது. என் சாமி அநியாயத்தை விரும்பாது என்று நம்புகிறவருக்கு, எது அநியாயம் என்று தேடிப் பார்க்கிற பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

எங்கள் வன்னிக்கு இதைச் சொல்ல ஒரு தாயே இருக்கிறாள். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை போயிருப்பீர்கள். நந்திக்கடல் ஓரத்தில், கடல்நீரில் விளக்கெரிகிற அந்தச் சந்நிதியில் இருப்பவள் யார்? ஒரு அரசனின் தீர்ப்பைப் பிழை என்று காட்டியவள். பாண்டியனிடம் முடி இருந்தது, செங்கோல் இருந்தது, பரம்பரை இருந்தது, நம்பகமான பொற்கொல்லனின் சாட்சியும் இருந்தது. கோவலனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு குறையால் மற்ற எல்லாம் விழுந்தன. கண்ணகி வந்து அழுதுவிட்டுப் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். சிலம்பை உடைத்துக் காட்டினாள். உள்ளே மாணிக்கம், அரசி சிலம்பில் முத்து. பாதிக்கப்பட்டவள் என்ற உரிமையோடு வந்தாள், ஆதாரத்தோடு வந்தாள். அரசன் அதற்குப் பிறகு அரசனாக இருக்க முடியவில்லை.

இப்போது உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள் தங்கச்சி. அப்பா, அண்ணா, ஐயர், ரீச்சர், ஊரவர், கணவர். ஆறு பக்கத்துப் பேச்சு அதில் இருக்கிறது. ஆச்சியிடம் கேட்டதாக ஒரு வரி இல்லை. ஆச்சியின் மகளிடம் கேட்டதாகவும் இல்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு முடிவுக்கு அறத்தின் பலம் வருவது, அதனால் நட்டப்படப் போகிறவரின் முகத்துக்கு நேரே உங்கள் காரணத்தைச் சொல்லி, அவர் திருப்பிக் கேட்பதற்கும் நின்று பதில் சொல்ல முடிகிறபோதுதான். அப்பாவின் சொல், சட்டம், வேதம், ஊர்வழமை எல்லாவற்றுக்கும் அங்கே சாட்சி சொல்ல இடமுண்டு. தீர்ப்பெழுத அவற்றில் எதையும் தனியாக விடக்கூடாது.

இதை நான் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சிறுபோகத்துக்கு முன்னால் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அப்பா போயிருப்பார். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்வார். அதில் அவர் சொல்தான் சொல். தண்ணீர் குறைந்த வருடத்தில் அதை யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்பதை அளவுகோல் சொல்லாது. அதைக் கமக்காரர் கதைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வாய்க்கால் தலைப்பில் வயல் வைத்திருப்பவர், கடைமடைக்காரர் எழுந்து கேட்கிற மண்டபத்தில் இருந்துகொண்டுதான் தன் பங்கைச் சொல்லியாக வேண்டும். சண்டை வரும், குரல் உயரும். ஆனாலும் அந்த முடிவை எல்லோரும் சுமக்கிறார்கள் என்றால், சுமக்கிறவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதுதான் காரணம். நான் உங்களுக்குச் சட்டம் சொல்வதும் பொறியியலாளர் அடிக்கணக்குச் சொல்வது போன்றதே. அதற்கு மேல் என் கறுப்புக் கோட்டுக்கு அதிகாரம் கிடையாது.

அண்ணாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தூரம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு 1961 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய பரிசோதனைகள் இருக்கின்றன. சாதாரண மனிதர்களை அழைத்து, அடுத்த அறையில் இருப்பவர் பிழையாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் மின் அதிர்ச்சியைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அது அவர்களுக்குத் தெரியாது. 40 பேரில் 26 பேர், பரிசோதனையை நடத்திய சாம்பல்நிறக் கோட்டுக்காரர் "தொடருங்கள்" என்றதைக் கேட்டு 450 வோல்ட் வரை போனார்கள். இந்த எண்ணை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு அவர் மாற்றிப் பார்த்த விதங்கள். அதிர்ச்சி வாங்குகிறவரை அதே அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தபோது, கடைசிவரை போனவர்கள் 40 பேரில் 16 ஆகக் குறைந்தார்கள். கட்டளையிடுகிறவர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் சொன்னபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் கடைசிவரை கேட்டார். அந்தப் பரிசோதனை நடத்திய முறையில் குறைகள் உண்டென்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள், அந்தக் குறைகள் உண்மையானவை. ஆனாலும் முகம் பக்கத்தில் வந்தால் கை தயங்கும் என்பதை வன்னியில் போரைப் பார்த்தவர்களுக்கு யாரும் நிரூபித்துக் காட்டத் தேவையில்லை. அண்ணாவுக்கு அது "அந்தத் துண்டு". உங்களுக்கு அது ஆச்சி காலையில் கூட்டுகிற முற்றம்.

இனி அப்பா. உங்களுக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது என்று வரிகளில் தெரிகிறது. தந்தை சொல் மிக்க மந்திரமில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பாவுக்கு இங்கே இரண்டு சொல் இருக்கின்றன. ஒன்று, கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து நின்றவர்களுக்கு, உடம்பிலும் மனதிலும் திடமாக இருந்த காலத்தில் சொன்னது. மற்றது, கட்டிலில் கிடந்து, பேத்தியின் எதிர்காலத்தை நினைத்துப் பயந்து சொன்னது. இரண்டும் அன்பால் வந்தவைதான். ஆனால் முதற்சொல் ஒரு வாக்கு. வாக்கைக் கொடுத்தவர் தனியே திரும்ப எடுக்க முடியாது, அதை வாங்கியவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வாக்கை நம்பித்தான் அந்தப் பெரியவர் வேறெங்கும் காணி தேடாமல் உங்கள் வயலில் காலத்தைக் கழித்தார். இரண்டாவது சொல் ஒரு விருப்பம். அதை மதிக்க வேறு வழிகளும் உண்டு. வயலும் மிச்ச முக்கால் ஏக்கரும் மகளுக்கு இருக்கிறதே.

அந்த வாக்கு அப்பா கொடுத்தது, என்னை ஏன் கட்ட வேண்டும் என்று அண்ணா கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் ஊர்களில் அப்பா கடையில் வைத்த கடனுக்குத் துண்டு இல்லாவிட்டாலும், அந்திரட்டி முடிந்த கையோடு பிள்ளைகள் போய்க் கொடுத்து முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காணியை அப்பாவின் பெயரால் எடுக்கிறோம் என்றால், அந்தக் காணியின் மேல் அவர் கொடுத்த வாக்கும் சேர்ந்தே வருகிறது.

அந்தக் கதியாலையும் நான் மறக்க மாட்டேன். நீங்கள் அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். 2010 இல் வன்னி எப்படிக் கிடந்தது? வீடில்லை, வேலியில்லை, எல்லைக்கல் எது என்று தெரியாது, பக்கத்துக் காணிக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. அந்த வருடங்களில் வேலி நகர்ந்த கதைகளால்தான் இன்றும் எங்கள் அலுவலகங்கள் நிறைந்திருக்கின்றன. அப்படியான நேரத்தில், கேட்பார் யாரும் இல்லாத பற்றைக் காட்டுக்குள் ஒரு மனிதர் பழைய கோட்டைத் தேடிப் பிடித்து, தன் பக்கம் ஓரடி கூட இழுக்காமல், இன்னொருவரின் எல்லைக்குக் கதியால் நட்டிருக்கிறார். சட்டமும் சொல்லவில்லை, ஐயரும் சொல்லவில்லை. நீங்கள் திரும்பி வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "வந்தான் வரத்தான்" என்று கதைக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அப்படிச் சொல்பவர்களில் பலருடைய அப்பு ஆச்சியும் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காடு வெட்டியவர்கள்தான். ஊரோடு ஒத்து வாழலாம், ஊருக்குள் ஓடுகிற இந்த இளக்காரத்தோடு ஒத்துப்போக வேண்டாம்.

ஆகவே என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அவர்களை எழுப்ப வேண்டாம்.

ஆனால் இதையும் ஆச்சியிடம் கேட்காமல் முடிவாக எடுத்துவிடாதீர்கள். இரக்கப்பட்டு எடுக்கிற முடிவும், கேட்காமல் எடுத்தால் மேலிருந்து போடுகிற கட்டளைதான். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. மகளுக்கு வேறிடத்தில் காணி கிடைத்து, போக மனமிருந்தும் ஆச்சிக்காகத் தங்கியிருக்கலாம். அல்லது அந்தப் பிள்ளை இரவில் நித்திரையில்லாமல் உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கலாம். அவர்கள் சொல்வதெல்லாம் அப்படியே சரி என்றும் எடுக்கத் தேவையில்லை. அரை ஏக்கர் அப்பா தந்தார் என்று சொன்னால், எப்போது, யார் முன்னால் என்று நீங்களும் கேட்கலாம். கண்ணகியும் சிலம்பை உடைத்துக் காட்டித்தான் தன் பக்கத்தை நிரூபித்தாள்.

போகும்போது தனியாகப் போங்கள். கையில் பைலோ பேர்மிட்டோ வேண்டாம். அப்பா ஆஸ்பத்திரியில் சொன்னதை மறைக்காமல் சொல்லுங்கள், அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடயம். அது மனதை நோகடிக்கும் என்றாலும் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: அப்பா உங்களுக்கு அன்றைக்கு என்ன சொன்னார்? நீங்கள் என்ன நினைத்து இருந்தீர்கள்? இனி என்ன வேண்டும்? நீங்கள் ரீச்சர், பேசி விளக்கப் பழகியவர். அன்றைக்குக் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருங்கள். இன்னொரு நாள் அண்ணாவை வீடியோ அழைப்பில் அந்த முற்றத்துக்கே கொண்டுவாருங்கள். அவர் தன் காரணத்தை ஆச்சிக்கு நேரே சொல்லட்டும். சொல்ல முடிந்தால் அந்தக் காரணத்துக்குப் பலம் உண்டு என்று நானும் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இது சட்டத்தரணியாகவும் மனிதனாகவும் சொல்வது. அப்பாவின் இரக்கம் உண்மையானது. ஆனால் அது எழுத்தில் இல்லாததால், ஒரு குடும்பம் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒரு மனிதரின் மனநிலையை நம்பி வாழ்ந்திருக்கிறது. போருக்குப் பிறகு வீட்டுத் திட்டங்கள் வந்தபோது, காணிப் பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் பட்டியலில் வராமல் போய், வருடக்கணக்கில் தகரத்துக்குக் கீழே இருந்த குடும்பங்கள் வன்னியில் நிறைய. நீங்களும் "இருங்கோ ஆச்சி, நான் எழுப்ப மாட்டன்" என்று வாயால் மட்டும் சொன்னால், நாளைக்கு உங்கள் மகளும் ஆச்சியின் பேத்தியும் இதே இடத்தில் நிற்பார்கள்.

அதனால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள், முடிந்தால் ஆச்சியின் மகளையும் கூட்டிக்கொண்டு. முதலில் உங்கள் பின்னுரிமையைப் பதிவு செய்யுங்கள், அதைத் தாமதிக்காதீர்கள். அதன் பிறகு காணி உத்தியோகத்தரிடம், அவர்கள் குடியிருக்கும் துண்டைப் பிரித்து அவர்கள் பெயரில் தனிப் பத்திரம் வழங்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். எந்த அளவுக்குக் கீழே பிரிக்க முடியாது என்பது காணிக்குக் காணி வேறுபடும், உங்கள் கோவையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். பிரிக்க முடியாது என்றால் காணியில்லாக் குடும்பமாக அவர்களைப் பதிந்து வேறு அரச காணிக்கு விண்ணப்பிக்கலாம், அது கிடைக்கும்வரை அவர்கள் அங்கேயே இருப்பதற்கு உங்கள் சம்மதத்தைக் கோவையில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் எழுத்தில் பதில் வரும்வரை அந்தத் துண்டை ஒப்படைக்கிறேன் என்று எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். நீங்கள் விட்டால் அது முதலில் அரசுக்குத்தான் போகும், ஆச்சி குடும்பத்துக்கு நேரே போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கொண்டுபோக வேண்டியவை: அப்பாவின் பேர்மிட், மரணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. ஆச்சியின் மகள், அவர்கள் அந்த முகவரியில் இருந்ததைக் காட்டும் வாக்காளர் இடாப்புப் பிரதிகள், குடும்ப அட்டை, மின்சாரப் பட்டியல் இருந்தால் அது, கிராம அலுவலரின் வதிவுக் கடிதம் ஆகியவற்றைத் தேடி எடுக்கட்டும். பழைய இடாப்புகள் இடப்பெயர்வில் போய்விட்டது என்று கவலைப்பட வேண்டாம், மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அண்ணாவோடு பேசி ஒத்துவராவிட்டால் நீதிமன்றத்துக்கு ஓடாமல் இணக்கசபையில் ஒரு தடவை உட்காருங்கள், அங்கே செலவும் இல்லை. காணிக் கிளையிலிருந்து பதில் வந்ததும் அதன் பிரதியோடு எனக்கு எழுதுங்கள்.